தரவரிசையும் பள்ளிப் பூட்டும்

"உலகத் தேர்வில் இந்தியா கடைசிக்கு முந்தைய இடம்." அரசுப் பள்ளிகளைத் தனியாரிடம் தாரைவார்க்க வேண்டும் என்போர் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஓதிவரும் மந்திரம் இது. ஆனால் அந்தத் தேர்வை இந்தியா எழுதவேயில்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு, பதினைந்து வயது மாணவர்களுக்கு நடத்தும் 'பிசா' தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில், இங்கிருந்து பங்கேற்றவை தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டுமே. 2011 டிசம்பரில் முடிவு வெளியானபோது, பங்கேற்ற 74 நாடுகள், பகுதிகளின் வாசிப்புத் திறன் பட்டியலில் தமிழ்நாடு 72ஆம் இடத்திலும் இமாச்சலம் 73ஆம் இடத்திலும் இருந்தன. முதலாளித்துவ ஏடுகள் இரண்டு மாநிலங்களை ஒரு தேசமாக்கின. அடுத்த மூச்சில் அந்தத் தேசத்தை அரசுப் பள்ளியாகச் சுருக்கின.

பிசா தேர்வுக்கான மாதிரி எல்லா வகைப் பள்ளிகளிலிருந்தும் எடுக்கப்படுகிறது. கட்டணம் வசூலிக்கும் ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கும் அந்த மதிப்பெண்ணில் பங்குண்டு. பழி மட்டும் அரசுப் பள்ளிக்கு!

பட்டியலில் முதலிடம் பெற்றது ஷாங்காய். அது ஒரு நாடு அல்ல, சீனத்தின் மிகச் செழிப்பான மாநகரம். சீனக் கல்வியின் சாதனை மறுக்கத்தக்கதன்று; ஆயினும் ஒரு பெருநகரை, கூலித் தொழிலாளரின் பிள்ளைகளையும் பத்தாம் வகுப்புவரை பள்ளியில் தக்கவைக்கப் போராடும் மாநிலத்துக்கு அருகில் நிறுத்தி எடை போடுவது எந்தத் தராசு? ஏழைப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விரட்டும் நாட்டின் சராசரி உயரும். தக்கவைக்கும் நாட்டின் சராசரி தாழும். பட்டியல் இதைச் சொல்வதில்லை.

இந்த ஆயுதம் தீட்டப்பட்டது அமெரிக்காவில். ரீகன் ஆட்சியில், 1983இல் வெளிவந்த 'ஆபத்தில் ஒரு தேசம்' அறிக்கை, பன்னாட்டுத் தேர்வு ஒப்பீடுகளைக் காட்டியே பொதுப் பள்ளிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அதே அமெரிக்காவின் 2009 பிசா வாசிப்பு மதிப்பெண்ணைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. நாட்டின் சராசரி 500. இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியான ஏழை மாணவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவாக உள்ள பள்ளிகளில் அது 551. ஷாங்காயின் 556ஐ எட்டிப் பிடிக்கும் அளவு. முக்கால்வாசிக்கும் மேல் ஏழை மாணவர்கள் உள்ள பள்ளிகளிலோ 446. ஒரே நாட்டுக்குள் நூறு புள்ளிகளுக்கு மேல் இடைவெளி. தேர்வு அளந்தது வகுப்பறையை மட்டுமல்ல, வர்க்கத்தையும்தான்.

இதனால் நம் பள்ளிகளில் குறையே இல்லை என்றாகிவிடாது. புரிந்து படிக்கத் திணறும் பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் தொழிலாளரின், தலித் மக்களின், பழங்குடியினரின் பிள்ளைகள். வினாக்கள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி அன்றைய காங்கிரஸ் கூட்டணி அரசு அடுத்த சுற்றிலிருந்து நழுவியதும் நேர்மையான பதிலாகாது. தேசிய வருமானத்தில் ஆறு சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்ற கோத்தாரி குழுவின் 1966ஆம் ஆண்டுப் பரிந்துரையை எந்த மத்திய அரசும் நிறைவேற்றவில்லை. பதில் அங்கே இருக்கிறது.

மோடி அரசு செய்ததோ நகைப்புக்குரியது. மீண்டும் பிசாவில் சேர 2019இல் ஒப்பந்தம் செய்துகொண்ட அது, களமிறக்கத் தேர்ந்தெடுத்தவை கேந்திரிய வித்யாலயாக்கள், நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் நவோதயா பள்ளிகள், சண்டிகர் ஒன்றியப் பகுதியின் பள்ளிகள். உலகின் முன் மானம் காக்க அம்பானி, அதானி பள்ளிகளை அவர்கள் நாடவில்லை. ஆசிரியரும் ஆய்வகமும் நிதியும் உள்ள தமது அரசுப் பள்ளிகளையே நம்பினார்கள்! அந்த வசதியை ஊர்ப் பள்ளிக்குக் கொடு என்றால் மட்டும் கஜானா காலி. கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போன அந்தச் சுற்றிலும் இறுதியில் இந்தியா பங்கேற்கவில்லை.

தேர்வு நடக்காவிட்டாலும் தண்டனை நிறைவேறுகிறது. 2014–15இல் 11 லட்சத்து 7 ஆயிரமாக இருந்த அரசுப் பள்ளிகள் 2023–24இல் 10 லட்சத்து 17 ஆயிரமாகக் குறைந்துள்ளன. இது ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு. அதே காலத்தில் தனியார் பள்ளிகள் நாற்பதாயிரத்துக்கு மேல் பெருகின. 2025 ஜூனில் உத்தரப்பிரதேச பாஜக அரசு, மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்க ஆணையிட்டது. பிசா அளப்பது பதினைந்து வயதை. அங்கே பூட்டு விழுவது ஆறு வயதுப் பிள்ளைகளின் தொடக்கப் பள்ளிகளில்.