கடிதம் போய்ச் சேர வேண்டும்

விலைப்பட்டியல், துணி ஆர்டர், மகாசபை அறிவிப்பு ஆகியவை இன்று நம் சங்கங்கள் பலவற்றில் மின்னஞ்சல் மூலமே சென்று வருகின்றன. அனுப்பியவர் கண்ணுக்குக் கடிதம் போய்விட்டதாகவே தோன்றும். அதுவோ பெறுபவரின் ‘ஸ்பாம்’ பெட்டியில் எவரும் திறவாமல் கிடக்கும். அல்லது வாசலிலேயே நிராகரிக்கப்படும். விலை கேட்ட வியாபாரி, சங்கம் பதில் எழுதவில்லை என்று எண்ணி வேறிடம் செல்வார். நெய்த துணி கிடங்கில் தேங்கும். நெசவாளியின் கூலி தாமதிக்கும். ஆகவே இது கம்ப்யூட்டர் அறிந்தோரின் விவகாரம் என்று அங்கத்தினர்கள் ஒதுக்கிவிடலாகாது.

குற்றம் முழுவதும் இயந்திரத்தினுடையது என்று கூறுவதற்கில்லை. 1982-ம் ஆண்டில் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிகளின்படி, அனுப்புபவர் எந்தப் பெயரை வேண்டுமாயினும் தம் பெயராக எழுதிவிடலாம். மோசடிக்காரர்கள் இவ்வழியைப் பயன்படுத்திக்கொண்டனர். எனவே, வரும் கடிதத்தைச் சந்தேகிப்பது பெறுபவரின் கடமையாயிற்று. தம்மை நிரூபிப்பது அனுப்புபவரின் கடமையாயிற்று.

இந்நிரூபணத்திற்கு மூன்று சாதனங்கள் உண்டு. இம்மூன்றும் சங்கத்தின் இணையப் பெயருக்குரிய பொதுப் பதிவேட்டில் எழுதப்படுபவை. முதலாவது எஸ்.பி.எப். நமது பெயரால் கடிதம் அனுப்ப எந்தெந்த இயந்திரங்களுக்கு அதிகாரம் உண்டு என்பதை அது அறிவிக்கிறது. இரண்டாவது டி.கே.ஐ.எம். அது பேலின் மேல் இடும் முத்திரை போன்றது. கடிதம் நம்முடையதே என்பதையும், வழியில் மாற்றப்படவில்லை என்பதையும் காட்டும். மூன்றாவது டிமார்க். முதலிரண்டில் ஒன்றேனும் நம் பெயரோடு பொருந்தாத கடிதத்தை ஏற்பதா, ஒதுக்குவதா, நிராகரிப்பதா என்பதைப் பெறுபவருக்குத் தெரிவிப்பது அது.

2024 பிப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும் இவ்விஷயத்தில் கண்டிப்பு காட்டி வருகின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் அனைவரும் முதலிரண்டில் ஒன்றையேனும் வைத்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். கடிதம் வேண்டாம் என்போர் ஒரே சொடுக்கில் விலகவும் அவர்கள் வசதி செய்தாக வேண்டும்.

“சிறு சங்கத்திற்கு இவையெல்லாம் எதற்கு? காரியதரிசியின் சொந்த முகவரி போதாதா?” என்று சிலர் வினவலாம். இலவச முகவரியிலிருந்து நேரே எழுதும் கடிதம் பெரும்பாலும் சேரும் என்பது உண்மையே. ஆயினும் காரியதரிசி மாறினால் முகவரியும் அவரோடு போய்விடும். மேலும், இலவச முகவரியைப் போட்டு வேறொரு கம்பெனியின் இயந்திரம் வழியே மொத்தமாக அனுப்பினால் அது போலிக் கடிதமாகவே கருதப்படும். 2014 ஏப்ரலில் யாஹூ தன் முகவரிகளுக்கு டிமார்க் நிராகரிப்பை விதித்தபோது, அவ்வாறு அனுப்பப்பட்ட நேர்மையான கடிதங்களும் திருப்பப்பட்டன.

முத்திரை மட்டும் இருந்தால் போதாது. நடத்தையும் நன்றாயிருக்க வேண்டும். ஆயிரம் கடிதங்களுக்கு மூன்று பேர் ‘ஸ்பாம்’ என்று புகார் செய்தாலே கூகிளின் வரம்பை எட்டிவிடுகிறோம். எனவே விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியல் கூடவே கூடாது. கேட்டவருக்கே அனுப்புக, வேண்டாம் என்றவர் பெயரை உடனே நீக்குக, திரும்பி வரும் முகவரிகளைக் களைக.

நமது யோசனை இதுதான். ஒவ்வொரு சங்கமும் இணையப் பெயரொன்றைத் தன் பெயரிலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். அமைத்துக் கொடுக்கும் கம்பெனியின் பெயரில் விடலாகாது. ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கும் பொறுப்பை நிர்வாகக் குழு ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைப் படித்துப் பிழை திருத்திய பின்னரே கடுமையாக்க வேண்டும். இல்லையேல் நம் கடிதத்தை நாமே தடுத்தவர்களாவோம். தனியே ஓர் ஆளை அமர்த்த இயலாத சங்கங்கள், பல சேர்ந்து பயிற்சி பெற்ற ஒருவரைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். ஒருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வதன்றோ கூட்டுறவு!

தறியிலிருந்து இறங்கும் துணியில் பழுது பார்க்காமல் நாம் அனுப்புவதில்லை. சங்கத்தின் பெயர் தாங்கிச் செல்லும் கடிதத்திற்கும் அதே கவனம் உரியது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனைக் கேட்பார்களாக.