ஏற்றத்தில் கொதிக்கும் எஞ்சின்

வெலிமடைப் பக்கத்து நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் வரைந்துள்ளார். முப்பது ஆண்டுகள் கடந்த டீசல் கெப் வண்டி ஒன்றில் லீக்ஸும் கரட்டும் ஏற்றிச் செல்பவர் அவர். கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய் வரும் வரையில் தொல்லை ஏதும் இல்லையாம். நுவரெலியாவுக்குப் பாரம் ஏற்றிப் புறப்பட்டாலோ, ஹக்கலையை நெருங்குமுன் தண்ணீர் கொதித்து வழிகிறதாம். ஒரு கராஜில் ரேடியேட்டரை மாற்றச் சொன்னார்கள். மற்றொன்றில் எஞ்சினையே மாற்றச் சொன்னார்கள். எவர் சொல்லைக் கேட்பது என்பது அவருடைய வினா.

இப்போதைக்கு இருவர் சொல்லையும் கேட்க வேண்டியதில்லை என்பது நமது விடை. எப்போது கொதிக்கிறது என்பதை ஆராயாமல் எதை மாற்றுவது என்று முடிவு செய்வது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்திலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதிய வண்டி வாங்குதல் மரக்கறிச் செய்கையாளருக்கு இன்றும் எளிதன்று. பழைய எஞ்சின் பாழானால் ஒரு போகத்தின் உழைப்பு அதனோடு போயிற்று.

எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மிகுதியில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்து சென்று, ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். இந்தச் சுமை ஏற்றத்தில் பெருகும். வண்டி மெதுவாக ஊர்வதால் எதிர்க்காற்றோ குறையும். மலைநாட்டு வண்டிக்கு மற்றுமோர் இடர் உண்டு. விஞ்ஞானம் கற்கும் மாணவர்கள் இதனை அறிவார்கள். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். வளியமுக்கம் அங்கே குறைவு என்பதே காரணம். (பருப்பு அவியத் தாமதமாகிறதென்று அங்குள்ள தாய்மார் அலுத்துக்கொள்வதும் இதனாலேயே.)

எஞ்சின் சுகமாக இயங்கும் வெப்பநிலையோ 80 பாகைக்கும் 95 பாகைக்கும் இடைப்பட்டது. அவ்வாறாயின் நுவரெலியாவில் எல்லா வண்டிகளும் கொதிக்க வேண்டுமன்றோ? கொதிக்காமல் காப்பது ரேடியேட்டரின் மூடி. அது வெறும் மூடியன்று. பிரஷர் குக்கரின் மூடியைப் போல அமுக்கத்தை உள்ளே அடைத்து வைக்கும் கருவி. அதன் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருப்பதைக் காணலாம். சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை கிலோகிராம் அமுக்கம் வரை தாங்கும் என்பது அதன் பொருள். 0.9 மூடி ஒன்று நல்ல நிலையில் இருப்பின், நுவரெலியாவிலும் தண்ணீர் ஏறத்தாழ 115 பாகை வரை கொதிக்காது. உள்ளிருக்கும் வில்சுருள் தளர்ந்தாலோ இறப்பர் வெடித்தாலோ, அதே தண்ணீர் 94 பாகையில் பொங்கி வழியும். கொழும்பில் குறை வெளிப்படாத மூடி ஹக்கலையில் காட்டிக்கொடுத்துவிடும். எனவே நமது நேயர் முதலில் மாற்ற வேண்டியது மூடியையே. அதே எண் பொறித்த புதிய மூடியைத் தேடி வாங்குக. ரேடியேட்டரின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே அன்று.

மூடி புதிதாகியும் கொதிப்பு நிற்கவில்லையா? அப்போது ரேடியேட்டரைப் பார்ப்போம். 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் வண்டிக்காக வில்ஹெல்ம் மேபாக் தேன்கூட்டு ரேடியேட்டரை அமைத்த நாள் முதல், நுண்ணிய வழிகளே அதன் வலிமையும் பலவீனமும் ஆகும். வெளியே புல்லும் சேறும் பூச்சியும் அடைத்துக்கொள்ளும்; உள்ளே துருவும், ஓடைத் தண்ணீரோடு வந்த வண்டலும் படியும். வெளி அழுக்கை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெல்லிய நீர்த்தாரையால் கழுவலாம். உள் அடைப்பை அறிய, ஓடி வந்த வண்டியின் எஞ்சினை நிறுத்தியபின் ரேடியேட்டரின் முகத்தைச் சுட்டுவிடாமல் மெல்லத் தடவுக. சுற்றிலும் சூடாயிருக்க நடுவே குளிர்ந்த திட்டுக்கள் தென்பட்டால், அங்கே தண்ணீர் ஓடவில்லை.

சமதரையில் ஓடும்போது அடங்கி, ஊர்ந்து ஏறும்போது மட்டும் வெப்பம் ஏறுமாயின் விசிறி மீதும் ஐயம் கொள்க. பெல்ட் தளர்ந்து வழுக்கலாம். விசிறியின் நடுவில் எண்ணெய் நிறைந்த இணைப்பு உள்ள வண்டிகளில், எஞ்சின் சூடாயிருக்கையில் அதனை நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுழற்றுக. தடையின்றிப் பலமுறை சுழன்றால் அந்த இணைப்பு பயனற்றுப் போயிற்று. இனி, புறப்பட்ட சில நிமிடங்களிலேயே வெப்பம் ஏறி, ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்தே இருக்குமாயின் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்க. அதனைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம் நாட்டில் மிகுதி. நமக்கு அதில் உடன்பாடில்லை. குளிர்ந்த எஞ்சின் விரைவில் தேயும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றி, கொதிப்பு முன்னிலும் மோசமாகும். சந்தேகம் இருந்தால் அடுப்பில் வைத்த தண்ணீரில் அதனைத் தொங்கவிட்டுப் பாருங்கள். 82 என்று பொறித்தது அந்தப் பாகையளவில் திறக்கத் தொடங்க வேண்டும்.

எஞ்சினை மாற்றும் பேச்சுக்கு இடமளிக்கும் அறிகுறிகள் வேறு. ஒழுக்கு எங்கும் காணாமல் தண்ணீர் குறைதல், குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் ரேடியேட்டர் வாயில் குமிழிகள் இடைவிடாது எழுதல், எண்ணெய் பால்கலந்த தேநீர் போல் வெளிறுதல் ஆகியவை ஹெட் கெஸ்கட் போயிற்று என்பதற்குச் சாட்சிகள். அப்போதும் ஹெட்டைக் கழற்றி, அது வளைந்துள்ளதா, வெடித்துள்ளதா என்று அளந்து பார்த்த பின்னரே எஞ்சினைப் பற்றிப் பேச வேண்டும்.

ஓட்டுபவர் பலர் அறியாத ஒன்றும் உண்டு. ஏற்றத்தில் உயர்ந்துகொண்டிருந்த வெப்பமானி முள் திடீரென்று கீழே விழுந்தால் மகிழ வேண்டா. தண்ணீர் வடிந்துபோய், வெப்பத்தை உணரும் முனை வெறும் ஆவியில் நிற்கிறது என்று கொண்டு, அக்கணமே நிறுத்துக. அரை மணி நேரமேனும் ஆறவிடாமல் மூடியில் கை வைத்தல் ஆகாது. பீறிட்டெழும் கொதிநீர் முகத்தைப் பொசுக்கிவிடும். பிள்ளைகளை அப்பால் நிறுத்திவிட்டு, தடித்த துணியால் மூடியை முதல் தடை வரை மட்டும் திருப்பி, ஆவி முழுதும் அடங்கிய பின் திறக்க வேண்டும். பக்கத்து ஓடையின் குளிர்நீரைச் சூடான எஞ்சினில் ஒரேயடியாக ஊற்றினால் ஹெட் வெடிக்கும். எஞ்சின் நன்கு ஆறிய பின், சிறுகச் சிறுக ஊற்றி நிரப்புக.