அழிந்த ஊருக்கு ஒரு தேசப்படம்

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் சென்ற கிழமை பெரியதொரு வரைதாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். சித்திரக் கண்காட்சிக்கென அவன் வரைந்த தேசப்படம் அது. 'ஊழிக்குப் பின் திருகோணமலை' என்று தலைப்பிட்டிருந்தான். கடல் பொங்கி ஊரை விழுங்கி ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின் எஞ்சிய நிலம் எவ்வாறு இருக்கும் என்பதே கற்பனை. மூழ்கிய கோபுரங்கள், எலும்புக் காடு, இரட்டைத் தலை நாகம் காவல் புரியும் தீவு என வண்ணங்கள் கண்ணைப் பறித்தன.

"எப்படி இருக்கிறது, சேர்?" என்றான்.

"அழகாகவே இருக்கிறது, தம்பி. ஆனால், இந்த நாட்டில் தப்பிப் பிழைத்தவர்கள் குடிநீருக்கு எங்கே போவார்கள்?" என்று கேட்டேன்.

அவன் திகைத்தான். நாகத்துக்குக் குகை வரைந்தவன் மனிதனுக்குக் கிணறு வரைய மறந்துவிட்டான்!

இத்தகைய படங்களை வரைவது வீண்பொழுது என்று எண்ணும் பெற்றோர் பலர். நான் அவ்வாறு எண்ணுவதில்லை. இல்லாத நிலத்தை வரைபவனும் உள்ள நிலத்தின் விதிகளைக் கற்றே ஆகவேண்டும். ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கே ஓடும். கிளையாறுகள் வந்து சேர்ந்து அது பெருகும். அது பிரிவதெல்லாம் பெரும்பாலும் கடலை அண்மிய சமவெளியிலேதான். மகாவலி கொட்டியாரக் குடாவை நெருங்கும்போது வெருகலாறாகக் கிளைவிடுவதை அறிந்த நம்மவர்க்கு இது புதிதன்று. மாணவனோ மலையுச்சியிலேயே ஆற்றை மூன்றாகப் பிளந்திருந்தான்.

கடலுக்கும் ஓர் அளவு உண்டு. உலகிலுள்ள பனிப்பாறை அனைத்தும் உருகினாலும் கடல் ஏறக்குறைய 65 முதல் 70 மீட்டர் வரையே உயரும் என்பது அறிஞர் கணக்கு. அப்பொழுதும் கோணமலையின் உச்சி நீருக்கு மேலேயே நிற்கும். நிலாவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தாழ்நிலங்கள் மூழ்கும். மகாவலியின் முகத்துவாரம் உள்நாட்டுக்குப் பின்வாங்கும். நிலம் முழுதும் மூழ்குமுன்பே கிணறுகள் உவர்ப்பாகிவிடும். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை ஒரே காலைப் பொழுதில் நம் கரையோரக் கிணறுகள் எத்தனையை உப்பாக்கிச் சென்றது என்பதை நம்மில் யார் மறப்பர்?

கற்பனைப் படம் வரைவோர் மறக்கலாகாத மற்றொன்றும் உண்டு. கற்பனையைக் கற்பனை என்று அப்படத்திலேயே எழுதிவிடுதல் வேண்டும். இதற்கு நம் தமிழிலேயே தக்க சான்று உளது.

பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவதப் பரப்பில் 49 நாடுகள் இருந்து கடல் கொண்டன என்ற செய்தியைச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் தந்துள்ளார். 1864இல் ஆங்கில விலங்கியலறிஞர் பிலிப் ஸ்கிளேட்டர், மடகாசுகரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் காணப்படுவதற்குக் காரணம் கூற முற்பட்டு, மூழ்கிய ஒரு கண்டம் இருந்ததெனக் கருதி அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். இவ்விரண்டும் தமிழர் மனத்தில் ஒன்றாயின, தேசப்படங்களும் பிறந்தன. 1916இல் 'செந்தமிழ்' இதழில் சுப்பிரமணிய சாஸ்திரியார், கடல் கொண்ட நிலம் ஒரு தாலுகா அளவினதே என வாதித்து, பிறர் கருத்துக்கு ஒன்றும் தம் கருத்துக்கு ஒன்றுமாக இரு வடிவங்களைக் காட்டினார். பின் வந்தவர்கள் படத்தை விரித்தனர். 1946இல் புலவர் குழந்தை வெளியிட்ட படத்தில் தென்மதுரை, கபாடபுரம் முதலிய நகரங்களும் இடம் பெற்றன.

கண்டங்கள் நகர்வன என்பது பின்னர் நிறுவப்பட்டமையால், விலங்குகளின் ஒற்றுமைக்கு மூழ்கிய கண்டம் தேவைப்படாது போயிற்று. எனினும் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றையினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஈழமும் தமிழகமும் நிலத்தால் இணைந்திருந்தன. பின் கரையோரம் மெய்யாகவே மூழ்கியது. ஆதலின் ஏக்கம் பொய்யன்று. ஏக்கத்தால் தீட்டிய படத்தை அளந்து தீட்டிய படமென்று பிள்ளைகளுக்குக் காட்டுவதே பிழை. இரு வடிவங்களையும் அருகருகே வைத்த சாஸ்திரியாரின் நேர்மையே நாம் கொள்ளத்தக்கது.

இவற்றையெல்லாம் மாணவனுக்குக் கூறி, நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தேசப்படம் ஒன்றையும் கொடுத்தனுப்பினேன். "அழிவைத் தேடி வேற்றுலகம் போகாதே; நம் ஊரிலேயே உண்டு" என்றும் சொன்னேன். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்கள் கோட்டைக்குள் போயின. 1942 சித்திரையில் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த துறைமுகம் இது. சீனன்குடாக் காட்டிடையே ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் பல ஆண்டுகளாகத் துருவேறி நின்றதை யாரும் அறிவர்.

நேற்று அவன் மீண்டும் வந்தான். எலும்புக் காடு போய்விட்டது. தாங்கிகளின்மேல் ஆலம் விழுது இறங்கியிருந்தது. கோணமலை தீவாய் நின்றது. மூழ்கிய இடங்கள் புள்ளிக்கோட்டால் காட்டப்பட்டிருந்தன. கீழே, 'உயரங்கள் மெய். மற்றவை கற்பனை' என்ற குறிப்பும் இருந்தது. நிலாவெளிக் கடலுக்குள்ளே மட்டும் சிறு நீல வட்டம் ஒன்று தெரிந்தது.

"இது என்ன?" என்றேன்.

"அம்மம்மாவின் கிணறு, சேர்."

ஆழிப்பேரலையில் நிலாவெளி வீட்டை இழந்து நகருக்கு வந்தவர் அவர். அந்த வீட்டைப்பற்றி இத்தனை ஆண்டுகளாக ஒரு சொல்லும் பேசியதில்லையாம். பேரன் தரையில் படத்தை விரித்து வரைந்துகொண்டிருக்கையில் அருகே வந்து அமர்ந்து, மூக்குக்கண்ணாடியை அணிந்து, விரலை வைத்தாராம்: "கிணறு இந்த இடத்திலை இல்லை, ராசா. பூவரசுக்குக் கிழக்காலை. அந்தத் தண்ணியிலை ஊத்தின தேத்தண்ணியின்ரை ருசி பிறகு எங்கையும் வரேல்லை." அன்று இரவு நெடுநேரம் பேசினாராம்.

அந்தப் படத்தில் நான் திருத்த வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளை அழிந்த ஊரொன்றை வரையத் தொடங்கினால் தடுக்கவேண்டா. கிணறு எங்கே என்று மட்டும் கேளுங்கள்.