சுதந்திரம் படியரிசி போடுமா?

கருக்களாச்சேரிக் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை மடக்கினார்: "ஏன் தம்பி, மூச்சுக்கு மூச்சு சுதந்திரம் என்கிறீர்களே, அதைக் கடையில் கொடுத்தால் படியரிசி போடுவானா?"

நியாயமான கேள்வி. பதில் இந்த மண்ணின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

1789-ல் பாரிஸ் மக்கள் புரட்சி செய்தார்கள். 1848-ல் பிரெஞ்சுக் குடியரசு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. நல்ல காரியம்தான். ஆனால் கரும்புத் தோட்ட முதலாளிக்கு ஆள் வேண்டுமே! ஒப்பந்தச் சீட்டில் கைநாட்டு வாங்கி, காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஏழைகளைக் கப்பலேற்றினார்கள். ரீயூனியனிலும் மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் அவர்கள் கரும்பு வெட்டினார்கள். விலங்கு போயிற்று, சீட்டு வந்தது!

1936 ஜூனில் பிரான்சுத் தொழிலாளி வாரம் 40 மணி வேலைச் சட்டம் பெற்றான். அடுத்த மாதம், ஜூலை 30-ல், அதே குடியரசின் கொடி பறந்த புதுச்சேரியில் என்ன நடந்தது? உரிமை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு! 12 பேர் மாண்டனர். ஆனாலும் தோழர் வ. சுப்பையா போன்றோர் தலைமையில் தொழிலாளர் பின்வாங்கவில்லை. 1937-ல் 8 மணி வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் சட்டமாயின. பாரிஸ் அனுப்பிய பரிசல்ல அது. ரத்தம் கொடுத்து வாங்கியது.

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1-ல் அந்நிய ஆட்சி நீங்கியது. கொடி மாறியது, மிராசுதார் மாறினாரா? 1968 டிசம்பர் 25 இரவு, சுதந்திர இந்தியாவில், இதே காவிரிக் கழிமுகத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக ஒரே குடிசையில் 44 உயிர்களை எரித்தார்கள்.

பழங்கதை என்பார் சிலர். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியதே, அதுவும் பழங்கதையா? தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்து நின்றன. மே தினத்தன்று சர்க்கார் அதை வாபஸ் பெற்றது.

பெரியவரே! சுதந்திரம் படியரிசி போடாது. ஆனால் "இந்த விலை கட்டாது" என்று முன்பணம் கொடுத்த வியாபாரியிடம் உங்களால் சொல்ல முடிகிறதா? "கூலி போதாது" என்று வாய் திறந்த பண்ணையாள் மறுநாளும் வயலில் இறங்க முடிகிறதா? சங்கத்தில் சேர்ந்த மில் தொழிலாளிக்கு மறுநாளும் கேட் திறக்கிறதா? பேசியதற்காக எவன் வீட்டு அடுப்பும் அணையாதிருப்பதே சுதந்திரம்.

தனியாக நின்று கேட்பவனுக்கு அது கிட்டாது. ஒரு நூல் மீனைத் தாங்காது, பெரியவரே, வலைதான் தாங்கும். வலை பின்னும் உங்களுக்கு நானா சொல்ல வேண்டும்?