ஆறு பேருக்கு ஒரே பாட்டி

எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மாள் அப்பளம் இட்டு விற்கிறாள். உளுந்து மாவைப் பிசைந்து, இடித்து, இட்டு, உலர்த்தி, நூறு நூறாகக் கட்டி வைத்துவிடுவாள். மூன்று கடைக்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள். ஒரு கடையில் அதற்குப் பிள்ளையார் படம் போட்ட லேபிள். இன்னொரு கடையில் தாமரைப் பூ. மூன்றாவது கடையில் முதலாளியின் சொந்தப் புகைப்படமே! "பிள்ளையார் அப்பளம்தான் மொறுமொறு என்று இருக்கும். தாமரை சுகமில்லை" என்று என் மனைவி அடித்துச் சொல்லுவாள். நான் வாயைத் திறப்பதில்லை. குடும்பத்தில் அமைதி முக்கியம் அல்லவா?

அப்பளம் இருக்கட்டும். கட்டுரைகளையும் இதே மாதிரி கட்டுக் கட்டாகக் கட்டி விற்கலாம் என்பது உங்களுக்குத் தெரியுமா? எதிர் வீட்டுப் பெண் சொல்லும் வரையில் எனக்குத் தெரியாது.

அவள் எம்.ஏ. படித்தவள். கைக்குழந்தை இருப்பதால் உத்தியோகத்துக்குப் போகவில்லை. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் கட்டுரைகள் எழுதிச் சம்பாதிக்கிறாள்.

"உன் பெயர் எந்தப் பத்திரிகையில் வருகிறது, அம்மா?" என்று ஒரு நாள் கேட்டு வைத்தேன்.

"என் பெயர் எதிலும் வராது, மாமா. வாங்குகிறவர்கள் அவரவர் பெயரைப் போட்டுக்கொள்வார்கள்" என்றாள்.

இதற்குப் பிரைவேட் லேபிள் ரைட்ஸ் என்று பெயராம். அவரவர் லேபிளை ஒட்டிக்கொள்ளும் உரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தைப் பற்றிப் பத்துக் கட்டுரை எழுத வேண்டியது. ஒரே கட்டாகக் கட்டிப் பல பேருக்கு விற்க வேண்டியது. வாங்கினவர் கூட்டலாம், குறைக்கலாம், தம் பெயரில் வெளியிடலாம். இணையத்தில் வியாபாரம் செய்கிறவர்களுக்குப் பக்கத்தை நிரப்ப விஷயம் வேண்டியிருக்கிறது. உட்கார்ந்து எழுதப் பொழுது இல்லை. அவர்கள்தான் வாடிக்கைக்காரர்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால் பத்துக் கட்டுரைக்கு 5,000 ரூபாய் என்று வையுங்கள். அதோடு சரி. அதே கட்டை 300 ரூபாய் வீதம் 40 பேருக்கு விற்றால் 12,000 ரூபாய்! எழுதுவது ஒரு தடவை. விற்பது நாற்பது தடவை. ஆனால் நாலாயிரம் பேர் கையில் இருக்கும் சரக்கை யார் வாங்குவார்கள்? அதனால், 'இத்தனை பேருக்கு மேல் விற்கமாட்டேன்' என்று விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே வரம்பு கட்டிவிடுகிறார்கள்.

இந்த வியாபாரம் புதிதும் அல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தில் பாராபூ என்று ஒரு சிற்றூர். அங்கே ஆன்ஸல் கெல்லாக் என்பவர் வாரப் பத்திரிகை ஒன்று நடத்தி வந்தார். (காலைப் பலகாரம் விற்ற கெல்லாக் வேறு, இவர் வேறு.) 1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டதும் அவருடைய அச்சுத் தொழிலாளி பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். கெல்லாக் தயங்கவில்லை. மாடிஸன் நகரத்திலிருந்து யுத்தச் செய்திகளை அச்சடித்தபடியே தருவித்துத் தம் பத்திரிகையோடு சேர்த்துக்கொண்டார். யோசனை பலித்தது. 1865-ல் சிகாகோவில் இதையே ஒரு தொழிலாக ஆரம்பித்துவிட்டார். காகிதத்தின் ஒரு புறத்தில் கதை, கட்டுரை, துணுக்கு எல்லாம் அச்சாகி ஊர் ஊராகப் போகும். மறு புறம் வெள்ளையாக இருக்கும். அந்தந்த ஊர்ப் பத்திரிகைக்காரர் அதில் தம் ஊர்ச் சமாசாரங்களை அச்சடித்துத் தம் பத்திரிகையாக வெளியிடுவார்.

அந்த வெள்ளைப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் ஒரு நாள் எதிர் வீட்டுப் பெண் கண் கலங்கி வந்து நின்றாள். விஷயம் இதுதான். குழந்தைகளுக்கான ஆகாரத்தைப் பற்றி ஒரு கட்டு எழுதியிருக்கிறாள். அதில் கேழ்வரகைப் பற்றி ஒரு கட்டுரை. வெறும் சத்துக் கணக்காக இருக்கிறதே, சற்று ருசியாக இருக்கட்டும் என்று தன் பாட்டியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் கண் தெரியாது. மாவை இரண்டு விரலால் தடவிப் பார்த்தே, "இன்னும் ஒரு தரம் சலிக்க வேண்டும்" என்று சொல்லிவிடுவாளாம். பாட்டி காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது.

இப்போது இணையத்தில் தேடிப் பார்த்தால், ஆறு இடத்தில் ஆறு பேர், "என் பாட்டிக்குக் கண் தெரியாது" என்று ஆரம்பிக்கிறார்கள்! அதில் ஒருவர் கேழ்வரகை ஓட்ஸாக மாற்றியிருந்தார். பாட்டியை மட்டும் மாற்றவில்லை.

"பாட்டிக்கு நான் ஒரே பேத்தி, மாமா. இப்போது ஆறு பேர் பங்குக்கு வந்துவிட்டார்கள்" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "பணம் வாங்கிக்கொண்டாயிற்று. இனிமேல் கேட்க எனக்கு வாய் ஏது?"

வாஸ்தவம். அந்த ஆறு பேரும் திருடர்கள் அல்ல. விலை கொடுத்து வாங்கினவர்கள்.

"உரிமையை அடியோடு எழுதிக் கொடுத்துவிட்டாயா, உபயோகிக்க அனுமதி மட்டும் கொடுத்தாயா?" என்று கேட்டேன்.

"அனுமதி மட்டும்தான், மாமா."

"அப்படியானால் எழுத்து இன்னும் உன்னுடையதுதான், போ!" என்றேன்.

நமது 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் எழுதுகிறவர்களை அவ்வளவு அநாதையாக விட்டுவிடவில்லை. உரிமையை மாற்றிக் கொடுத்தாலும், அனுமதி மட்டும் கொடுத்தாலும், அது எழுத்து மூலமாக இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமையை விற்ற பிறகுகூட, 'இதை எழுதினவன் நான்' என்று சொல்லிக்கொள்ள 57-வது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால், 'உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்' என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டு, முந்நூறு ரூபாய்க் கட்டுரைக்காகக் கோர்ட் படி ஏறுவது நடக்கிற காரியமா? ஆகையால் ஜாக்கிரதை முன்னாலேயே வேண்டும். எத்தனை பேருக்கு விற்பேன், வாங்கினவர் மறுபடியும் பிறருக்கு விற்கலாமா, எத்தனை வருஷம் என்பதையெல்லாம் ஒரு தாளில் தெளிவாக எழுதி, கட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

அதைவிட முக்கியம், கட்டில் எதை வைப்பது, எதை வைக்காமல் இருப்பது என்பது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து உண்டு. அது ஊர்ப் பொதுச் சொத்து. தாராளமாக நாற்பது பேருக்கு விற்கலாம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, அந்த மாதிரி விஷயத்தை யந்திரமே ஒரு நிமிஷத்தில் எழுதித் தள்ளிவிடுகிறது. ஆனால் இரண்டு விரலால் மாவின் பதம் பார்த்த பாட்டியை எந்த யந்திரம் கண்டது? அது கெல்லாக்கின் வெள்ளைப் பக்கம். அதில் நம் ஊரை, நம் வீட்டை, நாம்தான் எழுத வேண்டும். அந்தப் பக்கத்தையும் சேர்த்து விற்றுவிட்டால் நமக்கு என்ன மிஞ்சும்?

இதைத்தான் அவளிடம் சொன்னேன். பேசாமல் எழுந்து போனாள். மறு வாரம் இரண்டு காரியம் செய்திருந்தாள். இனி விற்கும் கட்டுகளிலிருந்து பாட்டியை எடுத்துவிட்டாள். பாட்டியைப் பற்றித் தமிழில் நாலு பக்கம் எழுதி என்னிடம் படிக்கக் கொடுத்தாள். தலைப்புக்குக் கீழே அவள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பாட்டி நன்றாக வந்திருக்கிறாள்.

அப்பளக் கதையையும் முடித்துவிடுகிறேன். நேற்று அந்த அம்மாள் தன் வீட்டுக்கென்று இட்டதில் பத்து அப்பளம் எங்களுக்குக் கொடுத்தனுப்பினாள். லேபிள் கிடையாது, பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தது. பொரித்துப் போட்டுவிட்டு என் மனைவி சொன்னாள்:

"பிள்ளையார் அப்பளமெல்லாம் இதற்கு உறை போடக் காணாது. இது அவள் கையால் இட்டதாக்கும்!"

நான் இந்தத் தடவையும் வாயைத் திறக்கவில்லை. அப்பளத்துக்காக மட்டும் திறந்தேன்.