அடுத்த கைப்பேசியும் ரேடியோ நெல்லும்

2021-ஆம் வருஷம் ஜூன் மாதம் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்பட்டு, அந்தத் தண்ணீர் கல்லணையைக் கடந்து காவிரியிலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலுமாகப் பிரிந்து கடைமடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நாட்களில், ஜூன் 24 அன்று வெளியான ஓர் அறிவிப்பு, தஞ்சைத் தரணியின் டீக்கடைகளில் தண்ணீரைப் பற்றிய பேச்சுக்குச் சமமான ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டது. ரிலையன்ஸ் நிறுவனத்தார் தங்கள் வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில், கூகுளோடு சேர்ந்து 'ஜியோபோன் நெக்ஸ்ட்' என்றொரு கைப்பேசியை உருவாக்கியிருப்பதாகவும், செப்டம்பர் 10, விநாயக சதுர்த்தியன்று அது விற்பனைக்கு வரும் என்றும், இந்தியாவில் மட்டுமல்ல, உலகத்திலேயே அதுதான் மிக மலிவான ஸ்மார்ட்போனாக இருக்கும் என்றும் தெரிவித்தார்கள். விலை இன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லப்படாத அந்த ஒரு விஷயத்தைப் பற்றிக்கொண்டு நாடு முழுவதும் நான்கு மாத காலம் ஊகங்கள் வளர்ந்தன. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் என்றார்கள் சிலர். ஐந்நூறு ரூபாய் முன்பணம் கட்டினால் கையில் கொடுத்துவிடுவார்கள் என்றார்கள் வேறு சிலர்.

இவ்விதமான ஊகங்களை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. பட்டணங்களில், வருஷத்துக்கொரு கைப்பேசி மாற்றுவோர் மத்தியில், அடுத்த கருவியில் எத்தனை காமிரா இருக்கும், ஓரம் வளைந்திருக்குமா தட்டையாயிருக்குமா என்று நடக்கும் விவாதங்களுக்கு அந்த வர்ணனை ஒருவேளை பொருந்தலாம். ஆனால் அவ்வருஷம் நம் பக்கத்து ஊர்களில் நடந்த பேச்சு வேறு ஜாதியைச் சேர்ந்தது. கொரோனா காரணமாகப் பள்ளிக்கூடங்கள் சாத்திக் கிடந்தன. பாடங்கள் கல்வித் தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் வந்துகொண்டிருந்தன. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் கூலி வாங்கும் குடும்பங்களில் இருந்ததோ ஒரேயொரு பட்டன் போன், அதுவும் பகலெல்லாம் வேலைக்குப் போகிறவரின் மடியில். ஒரு பருவத்துக் கூலியில் பெரும்பகுதியைக் கொடுத்து ஒரு பொருளை வாங்கப் போகிறவர்கள், அந்தப் பொருள் வருமுன்பே அதைத் தங்கள் மனத்தில் எடுத்து வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்ப்பது வீண் காரியமாகாது. அது அவர்களுடைய வரவு செலவுக் கணக்கில் ஒரு பகுதி.

அம்மாப்பேட்டைக்குப் பக்கத்தில், வாய்க்கால் மதகையொட்டியிருக்கும் ஒரு கடையில் அந்த ஆடி மாதம் நான் கேட்ட சம்பாஷணை இன்னும் என் காதிலிருக்கிறது. நடவிலிருந்து கரையேறிய ஒரு பெண், சேற்றுக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு, இடுப்பில் பால் பாக்கெட் உறைக்குள் சுற்றி, ரப்பர் பாண்டு போட்டுச் செருகியிருந்த தன் பட்டன் போனை எடுத்து மணி பார்த்தார். பிறகு பெஞ்சில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவரிடம், "ஏண்ணே, புதுசா வர்ற போனு எழுத்தைப் படிச்சுச் சொல்லுமாமே, தமிழ்ல சொல்லுமா?" என்று கேட்டார். படிப்பவர் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்த வயோதிகக் குடியானவர், "அதெல்லாம் இருக்கட்டும் ஆத்தா, உச்சி வெயில்ல வரப்புல நின்னு பார்த்தா எழுத்து தெரியுமா? ஈரக் கையால தொட்டா வேலை செய்யுமா? அதை மொதல்ல விசாரிக்கச் சொல்லு" என்றார். கரண்டு போனால் எத்தனை நாள் தாங்கும் என்று டீ ஆற்றுகிறவர் தம் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்.

தமிழில் வாசித்துச் சொல்லும் குரல், வெயிலில் தெரியும் திரை, ஈரக் கைக்கு இணங்கும் கண்ணாடி, மின்சாரமில்லாத நாட்களைத் தாண்டும் பாட்டரி என்ற இந்த நான்கு எதிர்பார்ப்புகளையும், அதே வாரத்தில் பெரிய பத்திரிகைகள் வெளியிட்ட ஊகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பத்திரிகைகள் காமிராவின் மெகாபிக்சலையும், சிப்பின் பெயரையும், விலையையும் பற்றி எழுதியிருந்தன. டீக்கடையில் பேசியவர்களோ தங்கள் உடம்பும் வேலையும் அந்தக் கருவியை எந்த நிலையில் சந்திக்கப் போகின்றன என்பதைச் சொன்னார்கள். அவர்கள் ஊகித்தார்கள் என்பதைவிடக் கோரினார்கள் என்பதே சரி. அந்தக் கோரிக்கை, கேட்க வேண்டியவர்களின் காதுக்குப் போகும் வழிதான் இல்லை.

செப்டம்பர் 10 வந்தது. அது டெல்டாவில் குறுவை அறுவடையின் காலம். முன்பட்டமாக நட்டவர்கள் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, கையில் நாலு காசு பார்க்கும் காலம். கைப்பேசி வரவில்லை. சோதனைகள் இன்னும் நடந்துகொண்டிருப்பதாகவும், உலகமெங்கும் சிப்புகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டிருப்பதாகவும், தீபாவளிக்குள் வந்துவிடும் என்றும் அறிவித்தார்கள். தீபாவளியென்றால் இங்கே சம்பா, தாளடி நடவுக்கும் உரத்துக்கும் கைப்பணமெல்லாம் போய்விட்ட சமயம். அக்டோபர் 29 அன்று விலை வெளியாயிற்று: 6,499 ரூபாய். தவணையில் வேண்டுவோர் 1,999 ரூபாயும் அதற்குமேல் 501 ரூபாய் கட்டணமும் செலுத்திவிட்டு, மிச்சத்தை 18 அல்லது 24 மாதங்களில் கட்டலாம். நவம்பர் 4, தீபாவளியன்று விற்பனை தொடங்கியது. அடுத்த சில நாட்களில் கொட்டிய மழையில் டெல்டாவின் இளஞ்சம்பாப் பயிர் பல இடங்களில் மூழ்கிக் கிடந்தது. அந்த வாரத்தில் கைப்பேசி வாங்க யார் கிளம்புவார்கள்?

அந்தக் கருவியில் நன்மை இல்லாமலில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். திரையிலுள்ள எழுத்தை வாசித்துக் காட்டுவதும், பத்து இந்திய மொழிகளில் பெயர்த்துக் கொடுப்பதும் அதில் உண்மையாகவே இருந்தன. அம்மாப்பேட்டைப் பெண்மணி கேட்டது வெறும் வதந்தியல்ல. 3,500 மில்லியாம்பியர்-மணி பாட்டரியைக் கழற்றி மாற்றவும் முடிந்தது. ஆயினும் மூவாயிரத்து ஐந்நூறு என்று நம்பியிருந்த ஒரு குடும்பத்துக்கு ஆறாயிரத்து ஐந்நூறு என்பது வேறொரு பொருளின் விலை. இதற்கு ஐந்து வருஷம் முன்பு, 2016 பிப்ரவரியில், 'ஃப்ரீடம் 251' என்ற பெயரில் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் தருவதாக நொய்டாவிலிருந்து கிளம்பிய விளம்பரத்தை நம்பிக் கோடிக்கணக்கானோர் பதிவு செய்ததாக அந்த நிறுவனமே கூறிக்கொண்டதை நினைத்தால், விலையைப் பற்றிய நம் ஜனங்களின் நம்பிக்கை எவ்வளவு தூரம் பசியிலிருந்து பிறப்பது என்பது விளங்கும்.

இனி, அதே 2021-ஆம் வருஷத்தில் உலகத்தின் மறுபக்கத்தில் எழுந்த ஓர் ஊகத்தைச் சொல்கிறேன். அது நமக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றினாலும் வேதாரண்யம் கடற்கரை வரை வந்து முட்டும் விஷயம். வரப்போகும் ஐபோன் 13, கோபுரங்கள் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் மூலம் பேசும் வல்லமை கொண்டிருக்கும் என்று ஆகஸ்டு மாதத்தில் பிரஸ்தாபம் எழுந்தது. செப்டம்பரில் கருவி வந்தபோது அதில் அந்த வசதி இல்லை. மறுவருஷம் ஐபோன் 14-இல் ஆபத்துக் காலத்துச் செய்தியனுப்பும் அளவுக்கு அது வந்தது. 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தச் சேவை தொடங்கியது. அந்த ஐபோன் 14-ஐத் தொழிலாளர்கள், அவர்களில் மிகப் பலர் பெண்கள், நம்முடைய ஸ்ரீபெரும்புதூரில் கோத்து முடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊகம் ஒரு வருஷம் பிந்தியேனும் பலித்தது. பலித்த இடம் மட்டும் நமக்கு மிகத் தொலைவாகிவிட்டது.

இதைச் சொல்லும்போது 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையை நினைக்காமலிருக்க முடியவில்லை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக நின்ற தென்னந்தோப்புகளை ஓரிரவில் படுக்கவைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சில கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்காயிற்று. செல் கோபுரம் என்பது தன்னிடமுள்ள பாட்டரியாலும் டீசல் ஜெனரேட்டராலும் சில மணி நேரம் உயிர் தரித்திருக்கும். அதற்குள் டீசல் வந்து சேர வேண்டும், கோபுரத்துக்கு வரும் கண்ணாடி இழைக் கம்பியும் அறுபடாமலிருக்க வேண்டும். மரங்கள் விழுந்து சாலையே மறைந்துவிட்ட பிரதேசத்தில் இரண்டுமே நடவாத காரியம். ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் காசு கொடுத்து ஜனங்கள் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டார்கள். ஏற்றிக்கொண்ட பிறகும் அதில் யாருடைய குரலும் வரவில்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்த பிள்ளைகள், தாய் தகப்பன் உயிரோடிருக்கிறார்களா என்றறியாமல் நாட்களைக் கழித்தார்கள்.

அப்போது அந்த மௌனமான கைப்பேசிகளில் கணிசமானவற்றுக்குள், வானொலி கேட்கும் உறுப்பு இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வைஃபைக்கும் புளூடூத்துக்குமாகக் கைப்பேசியில் வைக்கப்படும் சிப்புகள் பலவற்றில் எஃப்எம் ஒலியை வாங்கும் பகுதியும் சேர்ந்தே வருகிறது. அதற்கு இணையம் வேண்டாம், கோபுரம் வேண்டாம், சிம்கார்டும் வேண்டாம். காதில் மாட்டும் கம்பியையே ஏரியலாகக் கொண்டு, பத்து இருபது மைலுக்கு அப்பாலுள்ள நிலையத்தின் குரலைப் பிடித்துக்கொள்ளும். ஊருக்கு ஊர் கோபுரம் நட வேண்டிய அவசியம் அங்கே இல்லை. ஒரு நிலையமும் அதன் ஜெனரேட்டரும் நின்றால், ஒரு ஜில்லாவின் பெரும்பகுதிக்குக் குரல் போய்ச் சேரும். ஆனால் கம்பி மாட்டும் துவாரத்தையே எடுத்துவிட்ட கைப்பேசிகள் பெருகியபோதும், சிப்பிலிருக்கும் வசதியைத் தயாரிப்பாளர்கள் மூடிவைத்தபோதும், இந்தச் சௌகரியம் ஓசையின்றிக் கழன்றுபோயிற்று. 2023 ஏப்ரலில் மத்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், எஃப்எம் உறுப்புள்ள கைப்பேசிகளில் அதை மூடாமல் திறந்தே வைக்க வேண்டுமென்றும், இல்லாதவற்றில் சேர்க்க வேண்டுமென்றும் தயாரிப்பாளர் சங்கங்களுக்கு எழுதியது. ஆபத்துக் காலத்தில் ஜனங்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர வேண்டும் என்பதை அதற்கு ஒரு காரணமாகவும் காட்டியது. ஆனால் அது ஆலோசனை மாத்திரமே, சட்டமன்று.

வானொலியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1939 மே மாதம் திருச்சியில் வானொலி நிலையம் ஏற்பட்டதிலிருந்து, பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கியைச் சுற்றி அந்தி நேரத்தில் உட்கார்ந்து கேட்டுப் பழகியவர்கள் நம் கிராமத்தார். தஞ்சை ஜில்லாவில் 1960-இல் தீவிர விவசாயத் திட்டம் தொடங்கிய பின்பு, 1922 முதல் இயங்கிவரும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தார், ஜப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் கலந்து ஏ.டி.டி. 27 என்ற குறுவை ரகத்தை உண்டாக்கினார்கள். அதை எப்படி நாற்று விடுவது, எப்பொழுது உரம் போடுவது என்பதைத் திருச்சி வானொலி நாள் தவறாமல் எடுத்துச் சொல்லியது. சில பருவங்களுக்குள் அந்த நெல் டெல்டாவெங்கும் பரவியது. ஏ.டி.டி. 27 என்று அதை யாரும் சொல்லவில்லை. 'ரேடியோ நெல்' என்றுதான் குடியானவர்கள் அழைத்தார்கள். ஒரு சாதனத்தின் வழியாக வந்த குரலின் பேரால் ஒரு பயிருக்கே பெயர் வைத்த ஜனங்களுக்கு, எந்தச் சாதனம் தங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தெரியாதா?

சமீபத்தில் தஞ்சாவூரில் ஒரு கைப்பேசிக் கடைக்குப் போய், அடுத்த மாதம் வரப்போவதாக விளம்பரமாகியிருந்த ஒரு கருவியைக் குறித்து விசாரித்தேன். கடையிலிருந்த இளைஞர் மிகுந்த உற்சாகத்தோடு, காமிரா இப்படியிருக்குமாம், செயற்கை நுண்ணறிவு அப்படியிருக்குமாம், இருபது நிமிஷத்தில் சார்ஜ் ஏறிவிடுமாம் என்று விவரித்தார். எஃப்எம் இருக்குமா என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அதை யாரும் கேக்குறதில்லையே சார்" என்றார். பிறகு அவராகவே மேஜைமீதிருந்த ஏழெட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி, அடிப்பக்கத்தில் கம்பி மாட்டும் துவாரம் இருக்கிறதா என்று பார்த்தார். விலை குறைந்த இரண்டில்தான் இருந்தது. அவற்றில் ஒன்றில் ஒரு பழைய இயர்போனைச் செருகித் தேடியபோது, கடைத்தெரு இரைச்சலுக்கு நடுவே திருச்சி நிலையத்தின் குரல் தெளிவாகக் கேட்டது. அந்த இளைஞரின் முகத்தில் உண்டான ஆச்சரியத்தை நான் மறக்க மாட்டேன். அத்தனை நாளும் அதை விற்றுக்கொண்டிருந்தவர் அவர்.

யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம். மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடைபெறும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில், நெல்லின் ஈரப்பதத் தளர்வு, வாய்க்கால் தூர்வாருதல், பயிர்க் காப்பீட்டுத் தொகை ஆகியவற்றைப் பற்றி மனுக்கள் குவிகின்றன. ஆதாருக்கும் உதவித்தொகைக்கும் காப்பீட்டுக்கும் கைப்பேசியில் வரும் ஆறு இலக்க எண்ணையே நம்பியிருக்க வேண்டிய நிலைக்கு விவசாயி வந்துவிட்ட பிறகு, அந்தக் கைப்பேசி எப்படியிருக்க வேண்டும் என்பதும் அதே மனுக்களோடு போகவேண்டியதுதானே? 2023-இன் ஆலோசனையைச் சட்டமாக்கும்படி டெல்டா ஜில்லாக்களின் விவசாயச் சங்கங்கள் அமைச்சகத்துக்கு எழுதலாம். பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்த விலையில் விற்கும் ஒவ்வொரு கருவியிலும் கம்பித் துவாரமும் திறந்த எஃப்எம்மும் இருக்க வேண்டுமென்றும், பாட்டரியை வாங்கியவரே மாற்றிக்கொள்ளும்படி இருக்க வேண்டுமென்றும், வெயிலில் தெரியும் அளவை டப்பாவின் மேல் அச்சிட வேண்டுமென்றும் அதில் கேட்கலாம். ஐப்பசி மழை தொடங்குமுன் அனுப்புவது உத்தமம். மனுவின் வாசகத்தை எழுதித் தர நான் தயாராயிருக்கிறேன்.