கட்டணத்துக்கு ஒரு கடிவாளம்

இலவசக் கல்வி பற்றி நம் நாட்டில் எழும் விவாதம் எப்போதும் ஒரே வாசலில் வந்து நின்றுவிடுகிறது. பட்டப்படிப்பை நடத்தும் தனியார் நிறுவனங்கள் இருக்கலாமா, இருக்கக் கூடாதா? எண்பதுகளில் வடகொழும்பு தனியார் மருத்துவக் கல்லூரியை வைத்து இந்தச் சண்டை நடந்தது. 1989இல் அரசு அக்கல்லூரியைக் கையேற்றது. 2008இல் மாலபேயில் தொடங்கிய சைட்டம் நிறுவனத்தை வைத்து அதே சண்டை மீண்டும் மூண்டது. 2017இல் அதை ஒழிப்பதாக அரசு அறிவித்தது. மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். இரு தடவையும் வீதியில் இறங்கியவர்கள் வெற்றி கண்டதாகவே வரலாறு எழுதப்படும்.

ஆனால் அந்த இரண்டு வெற்றிகளுக்கும் நடுவிலும் பின்னரும் தனியார் வகுப்பறைகள் பெருகிக்கொண்டேயிருந்தன. கொழும்பின் காலி வீதியில் சற்று நடந்தால் போதும், பெயர்ப்பலகைகளை எண்ணி முடியாது. அவை இருக்கலாமா என்று முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தர்க்கித்தோம். அவை எவ்வளவு பணம் வாங்கலாம், வாங்கும் பணத்தை ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே கேட்க விரும்புகிறேன்.

கன்னங்கர 1940களில் முன்வைத்த திட்டம் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்றது. 1945 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த உரிமை இன்றும் உண்டு. ஆனால் அதன் வாசல் ஒடுங்கிவிட்டது. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோர் ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதோ நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு. எஞ்சியோர் மக்குகள் அல்லர். வெட்டுப்புள்ளிக்குக் கீழே தசமத்தில் நின்றவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் அந்தப் பெயர்ப்பலகைகள்.

அங்கே போகிறவர்கள் எல்லோரும் கறுவாத்தோட்டத்துப் பிள்ளைகள் என்று நினைப்பது தவறு. நகையை அடகு வைத்தும், காணியை ஈடு வைத்தும், கனடாவிலிருக்கும் மாமனிடம் கேட்டும் முதலாம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டுகிற குடும்பங்கள் வடக்கு கிழக்கிலும் மலையகத்திலும் எத்தனையோ. முதலாம் ஆண்டைக் கட்டலாம் என்று கணக்குப் பார்த்துத்தான் பிள்ளையை அனுப்புகிறார்கள். இரண்டாம் ஆண்டின் கணக்கு அவர்களுடைய கையில் இல்லை.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ இருநூறு ரூபா. மே மாதத்தில் முந்நூற்று அறுபது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களை இங்கே விற்கும் நிறுவனங்கள் பல, கட்டணத்தின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ டொலரில் அல்லது பவுணில் குறிப்பவை. ஆண்டுக்கு இரண்டாயிரம் டொலர் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், நான்கு இலட்சமாக இருந்த தொகை மூன்றே மாதங்களில் ஏழு இலட்சத்து இருபதாயிரமாகிறது. அதே மாதங்களில் தகப்பனின் சம்பளம் ஒரு சதமேனும் ஏறவில்லை. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாட்கள் அவை. படிப்பைப் பாதியில் நிறுத்தினால் கட்டிய பணமும் போயிற்று. நிறுத்தாவிட்டால் வீடும் போகும். நாட்டின் நாணயம் சரிந்ததன் முழுப் பாரமும் மாணவனின் தோளில் இறங்கியது. நிறுவனமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் அதில் எவ்வளவு சுமந்தன என்று எந்த அதிகாரியும் விசாரிக்கவில்லை. விசாரிக்கும்படி எந்தச் சட்டமும் அவரைப் பணிக்கவில்லை.

கட்டணத்தைக் கட்டுப்படுத்தினால் தரம் குறையும் என்பார்கள். இருக்கலாம், கணக்கைக் காட்டட்டும். விரிவுரையாளருக்குச் சம்பளம் ரூபாவில். கட்டட வாடகை ரூபாவில். காவலாளிக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் ரூபாவில். வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் பங்கு மட்டுமே அந்நிய நாணயத்தில். அப்படியாயின் டொலர் ஏறியபோது கட்டணத்தில் எந்தப் பகுதி ஏறியிருக்க வேண்டும்? இதற்கு விடை தெரியாமல் தரம் என்ற சொல்லைக் கேடயமாகப் பிடிப்பது நேர்மையாகாது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வரும். கட்டணத்தை ஒழுங்குபடுத்துவது தனியார்மயத்துக்கு அங்கீகாரம் கொடுப்பதாகும் என்று இடதுசாரி நண்பர்கள் சொல்வார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஓடும் தனியார் பேருந்து தன் எண்ணப்படி கட்டணம் ஏற்ற முடியாது, அரசு விதிக்கிறது. 2016இல் நாற்பத்தெட்டு மருந்துகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தபோது, அது மருந்துக் கம்பனிகளுக்குக் கொடுத்த அங்கீகாரம் என்று நீங்கள் மறியல் செய்யவில்லை, வரவேற்றீர்கள். பயணத்துக்கும் மாத்திரைக்கும் பொருந்தும் நியாயம் பட்டப்படிப்புக்கு ஏன் பொருந்தாது? கொள்கையின் தூய்மையைக் காப்பதற்காக, ஏற்கெனவே அகப்பட்டுக்கொண்ட மாணவனைச் சந்தையிடம் விட்டுவிடுவது இடதுசாரித்தனமா?

அரசு சும்மா இருக்கவில்லை என்று வாதிடுவோர் 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டத்தைச் சுட்டுவார்கள். நல்ல திட்டம்தான். தொடக்கத்தில் எட்டு இலட்சம் ரூபா வரை கடன். பின்னர் எல்லை உயர்த்தப்பட்டது. ஆனால் கட்டணத்துக்கு எல்லை இல்லாத இடத்தில் கடனுக்கு மட்டும் எல்லை வைத்தால் மிச்சத்தைக் கட்டுவது யார்? கடனின் எல்லையை உயர்த்த உயர்த்தக் கட்டணமும் அதன் பின்னால் ஏறாது என்பதற்கு யார் பொறுப்பு? வட்டியைப் பொதுப்பணத்திலிருந்து கொடுக்கும் அரசுக்கு, அந்தப் பணம் போய்ச் சேரும் இடத்தில் விலை கேட்கும் உரிமை இல்லையா?

இங்கிலாந்தின் அனுபவம் நமக்கு ஒரு பாடம். 1998இல் ஆயிரம் பவுணில் தொடங்கினார்கள். 2006இல் மூவாயிரம் ஆயிற்று. 2012இல் ஒன்பதாயிரம் வரை வாங்கலாம் என்றார்கள். அந்த உச்சம் விதிவிலக்கான சந்தர்ப்பங்களுக்கு மட்டுமே என்று அமைச்சர்கள் உறுதி கூறினார்கள். நடந்தது என்ன? ஏறத்தாழ எல்லாப் பல்கலைக்கழகங்களும் உச்சத்தையே வாங்கின. கட்டணத்தை ஏற்ற மாட்டோம் என்று கையொப்பமிட்டு வாக்குக் கேட்ட லிபரல் ஜனநாயகக் கட்சி, 2015 தேர்தலில் ஐம்பத்தேழு ஆசனங்களிலிருந்து எட்டுக்கு இறங்கியது. கட்சி தண்டிக்கப்பட்டது, கட்டணம் இறங்கவில்லை. 2023இல் சேர்ந்த மாணவர்கள் கடனை நாற்பது ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்த வேண்டும். தாராளமான உச்ச வரம்பு ஒன்றை மட்டும் விதித்தால் அந்த வரம்பே விலையாகிவிடும். ஆகவே ஏற்றத்தின் வேகத்துக்கும் கடிவாளம் வேண்டும்.

அது முடியாத காரியமன்று. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 2004 முதல், அரச பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவனுக்குச் சேர்ந்த ஆண்டின் கட்டணமே நான்கு ஆண்டுகளுக்கும் மாறாதிருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் தனியார் பொறியியற் கல்லூரிகளின் கட்டணத்தை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. 2003இல் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் வழி வந்த ஏற்பாடு அது. அங்கும் மேசைக்குக் கீழே நன்கொடை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் முறையிட ஒரு கதவு உண்டு. இங்கே கதவே கிடையாது.

என் தொழிலையும் சேர்த்தே பேச வேண்டும். உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் வாரத்தில் பத்திரிகைகளைப் புரட்டுங்கள். பட்டமளிப்பு அங்கி அணிந்த சிரித்த முகங்கள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இலச்சினை, முழுப்பக்க வண்ண விளம்பரங்கள். கட்டணம் எங்கே என்று தேடினால் பெரும்பாலானவற்றில் ஒரு தொலைபேசி இலக்கம் மட்டுமே இருக்கும். அந்த விளம்பரங்களால் மூச்சுவிடும் பத்திரிகைகள் அதே கட்டணங்களைப் பற்றி ஆசிரியத் தலையங்கம் எழுதும் என்று எதிர்பார்க்க முடியுமா? முப்பது ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கும் எனக்கு விடை தெரியும்.

கேட்பவை நான்கே. சேர்ந்த நாளில் சொன்ன கட்டணம் பட்டம் முடியும்வரை ரூபாவில் மாறாதிருக்க வேண்டும். புதிதாகச் சேருவோருக்கான உயர்வு பணவீக்கத்தைத் தாண்டக் கூடாது. தாண்டுவதாயின் கணக்கைப் பகிரங்கமாக வைக்க வேண்டும். முழுப் படிப்புக்குமான மொத்தத் தொகையை விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். மாணவர் முறையிடவும் தீர்ப்புப் பெறவும் சுயாதீனமான ஒரு குழு வேண்டும்.

அரச பல்கலைக்கழகங்களை விரிவாக்கும் கடமையை இவை எவையும் ஈடுசெய்யா. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆறு சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு 2012இல் விரிவுரையாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கேட்டார்கள். அந்தக் கோரிக்கை இன்றும் நிறைவேறவில்லை. அது நிறைவேறும்வரை காத்திருக்கச் சொல்லி, அடுத்த தவணைக் கட்டணத்துக்குத் தாலிக்கொடியை அடகுக்கடைக்கு எடுத்துச் செல்லும் தாயிடம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.